எட்டு மணி இருக்கும்

தருமபுரி கோர்ட்டில்
நகல் பிரிவின் சன்னல் பதினொன்றேகாலுக்குத் திறந்தது.
ஸ்டாம்ப் ஒட்டிய மனுவை நீட்டினேன்.
குற்றவாளிக்கு நீங்க என்ன வேணும்?
அக்கா என்றேன்.
பிறகு, அவர் கேட்காமலே,
அரசுத் தரப்பு நாலாம் சாட்சி என்றும் சொன்னேன்.
கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்,
மறுபடி போட்டுக்கொண்டார்.

தீர்ப்பன்று மாதையன் கையில்
கோர்ட்டே ஒரு பிரதி இலவசமாகக் கொடுத்தது.
அறுபத்திரண்டு பக்கம், ஏழு வருடம்.
சட்டைக்குள் செருகிக்கொண்டு
சேலம் போகிற போலீஸ் வேனில் ஏறினான்.

வக்கீல் நஸ்ரின் சொன்னார்:
அறுபது நாள் இருக்கு.
நகலுக்குக் காத்திருக்கிற நாளைக் கழிச்சுக்கலாம்.
ஹைகோர்ட்டுல அப்பீல்,
கூடவே தண்டனையை நிறுத்திவைக்க ஒரு மனு.
கையில காசில்லன்னா
ஜெயில்ல இருந்தே அவர் எழுதிக் குடுக்கலாம்,
அதுவும் போய்ச் சேரும்.

அங்க என்னை மறுபடி கூப்பிடுவாங்களா?

மாட்டாங்க.
நீங்க சொன்னதைத்தான் கூப்பிடுவாங்க.

நான் சொன்னது
பன்னிரண்டு நாள் கழித்து வந்தது,
ஊதா முத்திரையோடு, மூன்று பக்கம்.
பாலக்கோட்டு மண்டியில் தக்காளி தரம் பிரிக்கிற எனக்கு
முதல் வரியிலேயே 'திருமதி'.
இரண்டாம் பக்கத்தில்:
'என் தம்பி இரவு 8.00 மணிக்கு வீட்டைவிட்டுச் சென்றார்.'

கூண்டில் நின்று நான் சொன்னது:
போனான் சார், எட்டு மணி இருக்கும்.

இருக்கும்.
அந்தச் சொல்லுக்குள்
முன்னே கொஞ்சம் பின்னே கொஞ்சம்
ஒரு ஆள் நடமாட இடம் உண்டு.
களி கிண்டிக்கொண்டிருந்தேன்,
களி கிண்டுகிற கை கடிகாரம் பார்க்குமா?
டைப் அடித்தவர் விரலுக்கு அது வெறும் காற்று.
இரண்டு சைபர் வைத்து மூடிவிட்டார்.

வீட்டிலிருந்து மண்டி பத்து நிமிட நடை.
எட்டு என்றால்
சென்றாயன் விழுந்தபோது
என் தம்பி அங்கே நிற்கிறான்.
எட்டரை என்றால்
கூட்டம் கூடிய பிறகு
எட்டிப் பார்த்தவர்களில் அவனும் ஒருத்தன்.

கீழே என் கையெழுத்து.
படித்துக் காட்டக் கேட்டேன், சரி.
படிக்கவில்லை என்று சொல்லமாட்டேன்,
படித்தார்கள்.
மணி ஒன்றரை, எல்லோருக்கும் பசி.
தலையாட்டினேன்.

நஸ்ரின் பென்சிலால் வட்டம் போட்டார்.
பாயிண்ட்தான், ஆனா சின்னப் பாயிண்ட்.
குறுக்கு விசாரணையில
உங்க பழைய வக்கீல் ஏன் இதை விட்டாரு?
அவருக்குக் கொடுக்க விற்ற ஆடு
ஞாபகம் வந்தது.

அவரிடம் நான் சொல்லாதது ஒன்று.
எட்டு மணிக்கு பெங்களூர் லாரி கிளம்பும்,
ஹாரன் எங்கள் சுவர் வரை கேட்கும்.
அன்றைக்கு அவன் செருப்பு மாட்டும்போது கேட்டதா,
இல்லை வேறொரு நாள் கேட்டதை
அன்றைக்குக் கொண்டுபோய் வைக்கிறேனா?
படுத்தால் ஹாரன் அடிக்கிறது.
எழுந்தால் இல்லை.

சேலத்தில், தடுப்புக்கு அந்தப் பக்கம்,
மாதையன் முதலில் தக்காளி விலை கேட்டான்.
பெட்டி நூத்தி எம்பது.
தாள் வந்துச்சா?
வந்துச்சு.
நீ சொன்னது என்னன்னு போட்டிருக்கு?
படித்தேன்.
பிறந்ததிலிருந்து அவனை நான்
'ர்' போட்டுப் பேசியதில்லை.
சென்றாராமா, என்று சிரித்தான்.
கூடவே நானும்.
காவலர் திரும்பிப் பார்த்தார்.
நீ போனப்ப மணி என்னடா என்று
கேட்க வாயெடுத்தேன்.
நேரம் முடிந்தது என்றார்கள்.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டரைக் கேட்டேன்,
பாலக்கோடு எப்பப் போகும்?
ஒம்பதரை இருக்கும்மா.
போய்ச் சேர்ந்தபோது பத்துக்கு ஐந்து நிமிடம்.
யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை.
அவரவர் பையை எடுத்துக்கொண்டு இறங்கினோம்.
அது முப்பத்தெட்டாம் நாள்.